பச்சை ஓக், மிதித்த மண், தாளித்த சுண்ணாம்பு: வாசகர் கேள்வி பதில்

தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் 15-ஆம் நூற்றாண்டில் எழுந்த மரச்சட்ட வீடுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். நடுவில் கூரை வரை திறந்த கூடம், அதன் இரு பக்கமும் மாடி வைத்த அறைகள், முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் மாடி, எல்லாவற்றையும் மூடும் ஒரே கூரை. அங்கே இதை 'வீல்டன் வீடு' என்பார்கள். ஓக் சட்டங்களுக்கு இடையில் வரிச்சுப் பின்னி மண் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசிய சுவர். அதே முறையில் இன்று கட்டுவது பற்றிக் கேட்டு வந்த கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: கென்ட்டில் வசிக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் நிலம் இருக்கிறது. 12 அடிக்கு 16 அடியில் ஒரு பட்டறையை அந்தக் காலத்து முறையில், கைக்கருவிகளாலேயே கட்ட ஆசை. எவ்வளவு மரம் வேண்டும், எவ்வளவு காலம் ஆகும்? (கென்ட், இங்கிலாந்து)

பதில்: இரண்டு ஆண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆள் எத்தனை பேர் வந்தாலும் இதைப் பெரிதாகக் குறைக்க முடியாது. மரம், மண், சுண்ணாம்பு மூன்றுமே தண்ணீரோடு வேலைக்கு வருகின்றன. அந்தத் தண்ணீர் போவதற்குப் பருவம் வேண்டும்.

முதல் குளிர்காலத்தில் மரம் வெட்டுங்கள். மார்ச் முதல் மே வரை செதுக்கிப் பொருத்து வெட்டலாம். ஜூனில் சட்டத்தை நிறுத்தி, ஆகஸ்டுக்குள் கூரையை முடித்துவிடுங்கள். சுவருக்கு அந்த ஆண்டே கை வைக்காதீர்கள். அடுத்த குளிர்காலத்தில் வரிச்சுக்கான ஹேசல் (வளைந்து கொடுக்கும் கொம்புகள் தரும் ஒரு சிறுமரம்) கொம்புகளை வெட்டி, ஏப்ரலில் பின்னி, மே, ஜூனில் மண் அப்பி, ஆகஸ்டில் சுண்ணாம்பு பூசுங்கள். முதல் குளிர்காலத்திலேயே ஹேசலையும் சேர்த்து வெட்டி வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. ஓராண்டு காய்ந்த ஹேசலை வளைத்தால் முறியும்.

இனி மரக் கணக்கு. 16 அடியை 8 அடி வீதம் இரண்டு அங்கணமாகப் பிரித்தால் மூன்று குறுக்கு வரிசை, ஆறு தூண். தூண் 8×8 அங்குலம், 9 அடி நீளம். தூண் வரிசையின் தலையில் நீளவாக்கில் ஓடும் சுவர் விட்டம் இரண்டு, 7×7 அங்குலம், 17 அடி. குறுக்கு உத்திரம் மூன்று, 10×8 அங்குலம், பன்னிரண்டரை அடி. கீழே சுற்றிவர 8×6 அங்குலத்தில் அடிச்சட்டம், சுமார் 56 அடி. கைமரம் 20 அங்குலத்துக்கு ஒரு ஜோடி என்றால் 11 ஜோடி, ஒவ்வொன்றும் 5×4 அங்குலம், 11 அடி. சாய்வுத் தாங்கிகள், இடைக்கால்கள், கைமரங்களை இணைக்கும் குறுக்குக் கட்டைகள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 150 கன அடி, அதாவது நாலேகால் கன மீட்டர் வரும்.

இது செதுக்கி முடித்த மரத்தின் அளவு. வட்டமான கட்டைக்குள் அடங்கும் மிகப் பெரிய சதுரமே அதன் பரப்பில் 64 சதவீதம்தான். நுனி சிறுப்பதையும் சேர்த்தால் 250 முதல் 300 கன அடி வரை உருண்டை மரம் தேடுங்கள். ஒரே பெரிய மரத்தை அறுத்துத் துண்டாக்குவதைவிட, ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் பருமனுக்கு ஏற்ற இளமரத்தைத் தேர்வதே அந்தக் காலத்து வழக்கம். சஃபோக் பகுதியில் ஸ்டான்டன் என்ற ஊரில் 1500 வாக்கில் கட்டிய ஒரு பெரிய பண்ணை வீட்டில் சுமார் 330 மரங்கள் இருப்பதாகக் காட்டியல் வரலாற்றாசிரியர் ஆலிவர் ராக்ஹாம் கணக்கிட்டார். பெரும்பாலானவை சிறுமரங்களே. இளமரத்தில் நடு வைரம் (மரத்தின் உள்ளே இருக்கும் கடினமான பகுதி) சட்டத்தின் மையத்தில் அமையும். வளைவான மரம் கிடைத்தால் விடாதீர்கள், சாய்வுத் தாங்கிகளுக்கு அதுதான் வேண்டும்.

அனுமதியை முதலிலேயே வாங்குங்கள். 50 பாகைச் சாய்வில் கூரை வைத்தால் இந்தச் சின்னக் கட்டடத்தின் முகடே 17 அடியைத் தொடும். வீட்டுத் தோட்டத்தில் அனுமதியில்லாமல் கட்டக்கூடிய 4 மீட்டர் உயரத்தை அது தாண்டிவிடுகிறது. தோட்டத்துக்கு வெளியே உங்கள் சொந்தக் காட்டு மரமே ஆனாலும், ஒரு காலாண்டில் 5 கன மீட்டருக்கு மேல் வெட்ட உரிமம் தேவை.

கேள்வி: நாங்கள் பரம்பரைத் தச்சர்கள். ஈர மரத்தில் ஒரு ஜன்னல் சட்டம்கூடச் செய்ய மாட்டோம். பச்சை மரத்தில் வீடு கட்டினால் முறுக்கிக்கொள்ளாதா? (நாகர்கோவில்)

பதில்: முறுக்கும், சுருங்கும், வெடிக்கும். அதெல்லாம் தெரிந்துதான் அந்தப் பொருத்துகளை வகுத்திருக்கிறார்கள்.

காய்ந்த ஓக்கில் உளி ஏறுவது கடினம். ஓர் அங்குலக் கனம் காய ஓராண்டு என்பது அங்குள்ள கணக்கு. 8 அங்குலத் தூண் காயும்வரை காத்திருந்தால் எட்டு ஆண்டு ஆகிவிடும். பச்சையாக இருக்கும்போது அதே ஓக் உளிக்கு இணக்கமாகச் செதுக்கக் கொடுக்கும். தேக்கு காயும்போது குறைவாகத்தான் சுருங்கும், ஓக் அப்படியல்ல. வளையத்தின் போக்கில் 7 முதல் 8 சதவீதம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 4 சதவீதம் சுருங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆகவே தூணின் உயரம் மாறாது, உத்திரத்தின் நீளமும் மாறாது, பருமன்தான் குறையும். இரண்டு திசையில் இரண்டு விதமாகச் சுருங்குவதால் மேற்பரப்பிலிருந்து மையத்தை நோக்கி நீள வெடிப்புகள் விழும். நடு வைரத்தைச் சுற்றிச் செதுக்கிய சட்டத்தில் இந்த வெடிப்பு பெரும்பாலும் பலத்தைக் குறைக்காது. அதில் எதையும் அடைக்க வேண்டாம்.

பொருத்தை இறுக்குவது மர முளை. தூணில் துளையிட்டு, உத்திரத்தின் கழுந்தை (முனையில் மெலிதாகச் செதுக்கிய நாக்கை) அதில் நுழைத்து, ஒரே வீச்சில் இரண்டையும் துளைத்து முளை அடித்தால், மரம் சுருங்கும்போது கழுந்து தொடங்கும் இடத்து விளிம்பான தோள் பிரிந்து வாயைத் திறந்துவிடும். அதனால் முளைக்கான துளைகளைத் தனித்தனியாகப் போடுவார்கள். முதலில் தூணின் கன்னத்தில் முக்கால் அங்குலத் துளை. கழுந்தை உள்ளே தள்ளி, அந்தத் துளையின் வழியே கழுந்தில் மையத்தைக் குறித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். குறித்த புள்ளியிலிருந்து தோள் பக்கமாக 3 மில்லிமீட்டர் தள்ளிக் கழுந்தைத் துளையிட வேண்டும். இப்போது கூரான முளையை அடித்தால் அது இரண்டு துளைகளுக்கும் நடுவே லேசாக வளைந்து, கழுந்தை உள்ளே இழுத்துப் பிடிக்கும். மரம் காய்ந்தாலும் அந்தப் பிடி தளராது.

முளை மட்டும் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். ஓக்கின் வைரப் பகுதியிலிருந்து, ரம்பத்தால் அறுக்காமல், நார்ப் போக்கில் பிளந்து எடுத்தது. அறுத்த முளையில் நார் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும், வளைந்ததும் முறிந்துவிடும். பச்சை முளையைப் போட்டால் அதுவும் சேர்ந்து சுருங்கித் தானாகவே கழன்று வரும். தள்ளிப் போடும் அளவை 3 மில்லிமீட்டரிலிருந்து 6 ஆக்கினால் முளை முறியும், இல்லையென்றால் கழுந்தின் நுனி பிளக்கும். முளையின் தலையை ஓர் அங்குலமாவது வெளியே விட்டுவையுங்கள். இரண்டு கோடை கழித்து மறுபடி ஒரு தட்டுத் தட்ட அது வேண்டும்.

இரும்பு ஆணி வேண்டாம். பச்சை ஓக்கில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து மரத்தை மை போலக் கறுக்க வைக்கும், ஆணியையும் அரித்துவிடும். கதவுக் கீல்களுக்கு இரும்பு அப்போதும் உண்டு, ஆனால் வீட்டின் எடையைத் தாங்கிய பொருத்துகளில் மரம்தான் இருந்தது.

கேள்வி: கட்டையைச் சதுரமாக்குவது ரம்பத்தாலா, கோடாரியாலா? (மதுரை)

பதில்: இரண்டும் உண்டு. பெரிய சட்டங்களைக் கோடாரியால் செதுக்கினார்கள். ஒரு கட்டையை இரண்டாகப் பிளக்கவும் பலகை எடுக்கவும் குழிமேல் வைத்து மேலொருவர் கீழொருவராக ரம்பம் இழுத்தார்கள்.

செதுக்கும்போது கட்டையை இரண்டு குறுக்குக் கட்டைகளின் மேல் ஏற்றி, உருளாதபடி இரும்புக் கவ்விகளால் பிணைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வெட்டு முனைகளிலும் தூக்குக்குண்டு பிடித்து நிலைக்கோடு போட்டு, அதைக் கொண்டு சதுரத்தை வரையுங்கள். பட்டை நீக்கிய பக்கத்தில் கரி தோய்த்த நூலை இழுத்து அடித்தால் கோடு விழும். ஒன்று அல்லது ஒன்றரை அடிக்கு ஒன்றாக அந்தக் கோடு வரை வெட்டுவாய் போட்டு, இடையில் நிற்கும் துண்டுகளைப் பிளந்து தள்ளிவிட்டு, அகலக் கோடாரியால் சமப்படுத்த வேண்டும். அகலக் கோடாரிக்கு ஒரு பக்கம் மட்டுமே சாணை. மறுபக்கம் தட்டையாக மரத்தை உரசிப் போகும். விரல் முட்டிகள் மரத்தில் இடிபடாமல் இருக்கக் கைப்பிடியை வெளிப்பக்கம் வளைத்திருப்பார்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். வெட்டுவாய் கோட்டைத் தாண்டிவிட்டால் அந்தத் தழும்பு என்றைக்கும் முகத்தில் இருக்கும். இரண்டு முனையின் நிலைக்கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் சட்டம் முழுக்க முறுக்கிக்கொண்டு வரும். மரத்தை வாங்கும்போதே பட்டையைப் பாருங்கள். பட்டையின் வரிகள் கயிறு திரித்ததுபோல் சுற்றி ஏறினால் உள்ளே நாரும் அப்படித்தான்.

கேள்வி: ஒவ்வொரு சட்டமும் கோணல் மாணலாக இருக்கும்போது பொருத்துகள் எப்படி இடுக்கு இல்லாமல் சேர்ந்தன? வரைபடம் இருந்ததா? (தஞ்சாவூர், கட்டடக்கலை மாணவி)

பதில்: வரைபடத்தைப் பார்த்து வெட்டி, எதையும் எதோடும் பொருத்தலாம் என்ற முறை இல்லை. ஒரு சுவருக்கான எல்லாச் சட்டங்களையும் சமதளத்தில் படுக்க வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மேல் சட்டத்தின் கோணலை அப்படியே கீழ்ச் சட்டத்தில் இறக்கிக் குறித்தார்கள். கோணலுக்குக் கோணல் பொருந்தும். ஆனால் அந்தத் தூணுக்கு அந்தத் தாங்கிதான், பக்கத்துத் தூணுக்கு அது சேராது.

அதனால்தான் ஒவ்வொரு பொருத்திலும் ரோமன் எண்கள். உளியால் நேர்க்கோடு வெட்டுவது எளிது, வளைகோடு கடினம். 4 என்பதற்கு நான்கு கோடுகளையே இட்டார்கள், ஏனென்றால் ரோமன் நான்கும் ஆறும் தலைகீழாகப் படித்தால் குழப்பிவிடும். இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைக் காட்டக் கோட்டின் முனையில் சிறு கொடி போல ஒரு வெட்டு. களத்தில் ஒருமுறை கோத்துப் பார்த்து, பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் மறுபடி கோப்பார்கள். பழைய வீடுகளில் இந்தக் குறிகளை இன்றும் பார்க்கலாம். ஒரு சட்டத்தைப் பிற்காலத்தில் மாற்றியிருந்தால் எண் வரிசை அந்த இடத்தில் அறுந்துபோகும். படிப்புக்காகப் போகிறீர்கள் என்றால் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தூண்கள் தலைகீழாக நிற்கும். மரத்தின் வேர்ப்பக்கம் மேலே, நுனி கீழே. சுவர் விட்டமும் குறுக்கு உத்திரமும் ஒரே தூணின் தலையில் சந்திக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனிக் கழுந்து எடுக்க அகலம் வேண்டும். வேர்ப்பக்கம் இயல்பாகவே பருத்திருப்பதால் அந்த அகலத்தை மரமே கொடுத்துவிடுகிறது.

கேள்வி: எங்கள் பக்கத்தில் வரிச்சு கட்டி மண் அப்பிய சுவர்கள் இருந்தன. அங்கே செய்ததும் அதுதானா? மண்ணை எந்த அளவில் கலப்பது? எங்கள் சுவர் காய்ந்ததும் வெடித்துப்போகிறதே! (புதுக்கோட்டை)

பதில்: வேலையின் தத்துவம் ஒன்றுதான், வரிச்சைக் கட்டும் விதம் வேறு. மேல் சட்டத்தின் அடிப்பக்கம் வரிசையாகத் துளைகள், கீழ்ச் சட்டத்தின் மேற்பக்கம் நீளமாக ஒரு பள்ளம். பிளந்த ஓக் குச்சியின் ஒரு முனையைத் துளையில் செருகி, மறுமுனையைப் பள்ளத்தில் நகர்த்தி நிமிர்த்தினால் ஆணியோ கயிறோ இல்லாமல் நிற்கும். குச்சிகளுக்கு இடையே 10 முதல் 14 அங்குலம். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் பின்னல் இருபுறமும் சமமாக இழுபடும். பெருவிரல் கனத்தில் ஹேசல் கொம்புகளை முன்னும் பின்னுமாக இழைத்து, கடைசிக் குச்சியில் திருப்பும்போது கொம்பை ஒரு முறுக்கு முறுக்கித் திருப்ப வேண்டும். முறுக்கினால் நார் பிரிந்து வளையும், முறுக்காமல் மடக்கினால் ஒடியும். பின்னலை நெருக்கித் தட்டிவிடாதீர்கள். இடையில் விரல் நுழைய வேண்டும், மண் அந்த வழியாகத்தான் மறுபக்க மண்ணைப் பிடித்துக்கொள்கிறது.

மேல்மண்ணைத் தள்ளிவிட்டு அடிமண் எடுங்கள். மேல்மண்ணில் மக்கிய இலை தழை இருப்பதால் ஒட்டாது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே படியும். களி ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் சொரசொரப்பான மணல் சேர்க்க வேண்டும். மூன்று கூடை களிப்பாங்கான மண்ணுக்கு ஒன்று முதல் இரண்டு கூடை மணல், ஒரு கூடை பசுஞ்சாணம் என்று தொடங்கிப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலை மிதிக்க மிதிக்கத் தூவி, மண் இனி ஏற்காது என்னும் வரை சேர்க்கலாம்.

உங்கள் சுவர் வெடிப்பதற்குக் காரணம் அநேகமாகத் தண்ணீர் மிகுதி. குழைப்பது எளிதாகிறது என்று தண்ணீரை ஊற்றினால், அந்தத் தண்ணீர் போகும்போது அதன் இடமெல்லாம் வெடிப்பாகும். உருண்டை பிடித்து இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். சப்பையாகப் பரவினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் களி போதாது. லேசாக அமுங்கி உருண்டையாகவே கிடந்தால் சரி. மிதித்த மண்ணை ஓரிரவு மூடி வைத்து மறுநாள் இன்னொரு முறை மிதித்தால் களி முழுதும் ஊறி, குறைந்த தண்ணீரிலேயே இளகும். சுவரில் போடுவதற்கு முன் ஓரடிச் சதுரத்தில் ஒரு மாதிரி அப்பி, ஒரு வாரம் காயவிட்டுப் பார்ப்பது கட்டாயம். மயிரிழை வெடிப்பு இருந்தால் கவலையில்லை. நாணயம் நுழையும் வெடிப்பு என்றால் மணல் கூட்டுங்கள்.

அப்பும்போது இருவர் வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். ஒரே நேரத்தில் எதிரெதிரே அழுத்த வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் முதல் பக்கம் பிதுங்கி விழும், இரண்டும் இணையாது. மொத்தக் கனம் 4 முதல் 5 அங்குலம். ஈரமாக இருக்கும்போதே முகத்தைக் குச்சியால் கீறி விடுங்கள், பின்னால் சுண்ணாம்பு பிடிக்க அது வேண்டும். வெயில் நேராகப் படும் சுவருக்கு ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும். காய்ந்ததும் மண்ணுக்கும் மரச் சட்டத்துக்கும் நடுவே சுற்றிலும் ஓர் இடுக்கு வரும். வரத்தான் செய்யும், மண்ணும் சுருங்கியது, மரமும் சுருங்கியது. ஓரங்களை நனைத்து அதே மண்ணை அழுத்தி அடைத்துவிடுங்கள். வைக்கோலில் கிடந்த விதைகள் சுவரில் முளைத்தால் கலங்க வேண்டாம், ஈரம் வற்றியதும் வாடிவிடும். உறைபனி மட்டும் ஆகாது. ஈரச் சுவரில் பனி உறைந்தால் மண் பொருக்குப் பொருக்காகக் கொட்டிவிடும், அந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

கேள்வி: சுண்ணாம்பில் செட்டிநாட்டில் போல் கடுக்காய், கருப்பட்டி சேர்க்கலாமா? சிமெண்ட் கொஞ்சம் கலந்தால் சீக்கிரம் இறுகுமே! (காரைக்குடி)

பதில்: இங்கிலாந்தில் கடுக்காயும் கருப்பட்டியும் கிடையாது. மழை படும் சுவருக்கு வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் மாட்டுக் கொழுப்பு சேர்த்தார்கள். சுண்ணாம்பைத் தாளிக்கும்போது, அதாவது சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றும்போது, எழும் சூட்டிலேயே கொழுப்பைப் போட்டால்தான் அது கரைந்து கலக்கும், ஆறிய பிறகு போட்டால் திட்டுத் திட்டாக மிதக்கும். அந்த நாட்டு வீட்டை அந்த நாட்டு முறையில் கட்டுவதென்றால் கொழுப்போடு நிற்பதே நேர்மை.

சுண்ணாம்புக் கல்லை 900 பாகை செல்சியஸ் வாக்கில் சுட்டால் கரிவாயு (கார்பன் டை ஆக்சைடு) வெளியேறி எடையில் 44 சதவீதம் குறையும். அந்தச் சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட வேண்டும், சுண்ணாம்பின்மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. கொட்டினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். தாளித்ததை வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி, குறைந்தது மூன்று மாதம் ஊறவிடுங்கள். முதல் ஆண்டு இலையுதிர் காலத்திலேயே தாளித்துப் பனி படாத இடத்தில் வைத்துவிட்டால் அடுத்த கோடைக்கு வெண்ணெய் போல் இருக்கும். பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கூர்மணல், கொஞ்சம் மாட்டு ரோமம் அல்லது ஆட்டு ரோமம். வெள்ளையடிப்பதைப் பால் போல் நீர்க்கக் கரைத்து ஐந்து முறை அடியுங்கள். கெட்டியாக இரண்டு முறை அடித்தால் உரிந்து வரும். இது உலர்ந்து இறுகுவதில்லை, காற்றிலுள்ள கரிவாயுவை வாங்கி மறுபடி கல்லாகிறது. அதற்கு லேசான ஈரம் வேண்டும், ஆகவே ஒவ்வொரு பூச்சுக்கு முன்னும் சுவரை நனைக்க வேண்டும்.

சிமெண்ட் ஒரு கரண்டிகூட வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஓக் ஆண்டுதோறும் ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ப அசைகிறது, சிமெண்ட் பூச்சு அசையாது. ஓரத்தில் ஒரு கோடு திறக்கும், மழைநீர் உள்ளே இறங்கும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் சுவரின் முழு முகத்தாலும் வெளியேறிவிடும். சிமெண்டுக்குப் பின்னால் அது அடைபட்டு, வழிந்து, அடிச்சட்டத்தில் தேங்கும். வெளியே சுவர் பளிச்சென்று இருக்கும், உள்ளே ஓக் தூளாகியிருக்கும். 20-ஆம் நூற்றாண்டில் சிமெண்ட் பூசி 'பழுது பார்த்த' பழைய வீடுகள் பல இப்படித்தான் நூற்றாண்டுகள் தாங்கிய மரத்தைச் சில பத்தாண்டுகளில் இழந்தன.

கேள்வி: கூரைக்கு வைக்கோலா, ஓடா? (கோவை)

பதில்: நாட்டுப்புற வீட்டுக்கு வைக்கோல் அல்லது நாணல், நகரத்துக்கு ஓடு. 1212-இல் லண்டனில் பெருந்தீ பரவிய பிறகு, அந்த நகரத்தில் புதிதாக வைக்கோலாலும் நாணலாலும் வேயக் கூடாதென்று கட்டளை வந்தது. ஓட்டுக்கும் அளவு விதித்தார்கள். நான்காம் எட்வர்ட் காலத்தில் 1477-இல் வந்த சட்டப்படி ஓடு குறைந்தது பத்தரை அங்குல நீளம், ஆறேகால் அங்குல அகலம், முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கனம். களிமண்ணை நவம்பர் 1-க்கு முன் தோண்டி, பிப்ரவரி 1-க்கு முன் புரட்டி, மார்ச் 1-க்குப் பிறகே ஓடாக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. குளிர்காலப் பனி களிமண்ணை உடைத்துப் பதமாக்கட்டும் என்பதற்காக. சட்டம் எழுதியவர்களுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது!

12×16 அடிப் பட்டறைக்கு இரண்டு சரிவும் சேர்ந்து 33 சதுர மீட்டர் வரும். சதுர மீட்டருக்கு 60 வீதம் ஏறக்குறைய 2,000 ஓடு, இரண்டு டன்னுக்கு மேல் எடை. ஒவ்வோர் ஓட்டிலும் இரண்டு துளை, அதில் ஓக் முளை செருகி, பிளந்த ஓக் ரீப்பரில் மாட்ட வேண்டும்.

வைக்கோல் என்றால் நெட்டைக் கோதுமை வேண்டும். இன்றைய குட்டை ரகங்கள் உதவாது, அறுவடை எந்திரத்தில் நசுங்கிய தாளும் உதவாது. சாய்வு 45 பாகைக்குக் குறையக் கூடாது, 50 நல்லது. கனம் ஓரடிக்கு மேல். மழைநீர் தாளின் நுனியிலிருந்து நுனிக்குச் சொட்டி இறவாரத்தில் விழுந்துவிட வேண்டும், உள்ளே ஓரிரு அங்குலத்துக்கு மேல் நனையக் கூடாது. சாய்வு குறைந்தால் தண்ணீர் தயங்கும், தயங்கினால் தாள் மக்கும். முகட்டை மட்டும் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். டெவன் பகுதியில் சில வீடுகளில் மேலே மேலே வேய்ந்துகொண்டே போனதால், இடைக்காலத்து அடி வேய்ச்சல் புகைபடிந்த கறுப்போடு இன்றும் உள்ளே இருக்கிறது.

இறவாரத்தை ஓரடியாவது வெளியே நீட்டுங்கள். மண்சுவருக்குக் குடை அதுதான்.

கேள்வி: புகைபோக்கி இல்லாமல் கூடத்தின் நடுவில் நெருப்பு மூட்டினார்களாமே, மூச்சு முட்டாதா? (திருச்சி)

பதில்: கூடம் கூரை வரை திறந்திருந்ததே அதற்காகத்தான். புகை மேலே தங்கி, முகட்டுத் திறப்பு வழியாகவும் கூரை இடுக்குகள் வழியாகவும் மெல்ல வெளியேறும், ஆட்கள் அதற்குக் கீழே உட்காருவார்கள். செங்கல் புகைபோக்கி சாதாரண வீடுகளுக்குப் பரவியது 16-ஆம் நூற்றாண்டில். பழைய வீட்டின் கைமரங்கள் கரிபடிந்து கறுத்திருந்தால் அது ஒரு காலத்தில் திறந்த கூடம் என்று அறியலாம். இன்று வைக்கோல் கூரைக்குக் கீழே இதைச் செய்து பார்க்காதீர்கள்.

கேள்வி: சட்டத்தை நிறுத்தும் நாளில் எத்தனை பேர் வேண்டும்? எதைக் கவனிக்க வேண்டும்? (கென்ட்)

பதில்: பச்சை ஓக்கின் எடை கன மீட்டருக்கு ஆயிரம் கிலோவைத் தாண்டும். உங்கள் குறுக்கு உத்திரம் ஒவ்வொன்றும் சுமார் 200 கிலோ. பத்துப் பன்னிரண்டு பேர், மூன்று கால் கட்டிய கம்பம், கப்பி, கயிறு, நீண்ட கவைக்கோல்கள் இருந்தால் போதும். பேச ஒரே ஒருவர், மற்றவர்கள் கேட்க வேண்டும்.

முதலில் கல் திண்டு. தரைக்கு மேல் ஒன்றேகால் அடியாவது சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, அதன்மேல் அடிச்சட்டத்தை ரசமட்டம் பார்த்து வையுங்கள். தூணை நேரே மண்ணில் நட்ட பழைய வீடுகள் தரைமட்டத்தில் இற்றுப்போனதால் வந்த மாற்றம் இது. பிறகு தூண்கள், தாங்கிகள், அவற்றின் தலையில் நீள விட்டங்கள். கடைசியாகக் குறுக்கு உத்திரம் மேலிருந்து இறங்கி இரண்டு விட்டங்களையும் புறா வால் போல் முனை விரிந்த பொருத்தால் கவ்வும். அந்தப் பொருத்துதான் கைமரங்கள் சுவரை வெளியே தள்ளாமல் பிடித்து வைக்கிறது. காய்ந்தால் புறா வாலும் சுருங்கி நழுவும், ஆகவே தூணின் தலையிலிருந்து எழும் கழுந்தும் அதே உத்திரத்துக்குள் ஏற வேண்டும். இந்தக் கழுந்தைச் சோம்பலில் விட்டவர்களின் சுவர் மேலே பிரிந்து நிற்கும்.

எல்லா முளையையும் உடனே அடித்து முடிக்காதீர்கள். முழுச் சட்டமும் நின்று, எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான தூரங்களை அளந்து சமமென்று கண்ட பிறகே இறுதி அடி. அதுவரை குறுக்கே பலகை கட்டி நிறுத்துங்கள்.

கேள்வி: இதே வீட்டைத் தமிழ்நாட்டில் கட்டலாமா? (சேலம்)

பதில்: பரிந்துரைக்க மாட்டோம். ஓக் இங்கே வளர்வதில்லை. இறக்குமதி செய்தாலும் கரையான் விடாது. ஹேசலும் இல்லை. மண்ணைப் பதம் பார்க்கும் விதம், சுண்ணாம்பு தாளிப்பு, இறவார நீட்டம் ஆகியவற்றைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அவை நம் கிராமத்துக் கொத்தனார்களும் தச்சர்களும் அறிந்தவையே.

கேள்வி: நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள எங்கே போகலாம்? (யாழ்ப்பாணம்)

பதில்: இங்கிலாந்தின் சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற இடத்தில் வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. கென்ட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்திய பேலீஃப் என்ற 15-ஆம் நூற்றாண்டு வீல்டன் வீடு அங்கேதான். மரச்சட்டம் செய்வதற்கு வகுப்பும் நடத்துகிறார்கள். பிரான்சின் பர்கண்டியில் கெதலோன் என்ற இடத்தில் 1997-இலிருந்து 13-ஆம் நூற்றாண்டு முறையில் ஒரு கோட்டையையே கட்டிவருகிறார்கள். கல் வெட்டுவது, ஓடு சுடுவது, மனிதர் மிதித்துச் சுழற்றும் சக்கரத்தால் பாரம் ஏற்றுவது எல்லாம் அங்கே கண் முன்னே நடக்கும். 2019-இல் எரிந்த பாரிஸ் நோத்ர-தாம் பேராலயக் கூரையைப் பச்சை ஓக்கைக் கோடாரியால் செதுக்கியே மீண்டும் கட்டினார்கள். கெதலோனில் கை பழகிய தச்சர்களும் அந்த வேலையில் இருந்தார்கள். ஜெர்மனியின் மெஸ்கிர்ஷ் அருகே காம்பஸ் கல்லியில் 2013 முதல் 9-ஆம் நூற்றாண்டு மடம் ஒன்று எழுகிறது.

கேள்வி: கட்டி முடித்த பின் என்ன பராமரிப்பு? (கென்ட்)

பதில்: ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்துக்கு முன், ஒரு பேனாக்கத்தியோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். அடிச்சட்டத்தில், தூண் வந்து இறங்கும் இடங்களில் கத்தி முனையை அழுத்திப் பாருங்கள். வெளிறில் (பட்டையை ஒட்டிய மென்மையான பகுதியில்) கால் அங்குலம் ஏறினால் பரவாயில்லை, வைரத்தில் ஏறக் கூடாது. கல் திண்டை ஒட்டி மண்ணோ இலைச் சருகோ குவிந்திருந்தால் அள்ளிவிடுங்கள். முதல் மூன்று ஆண்டு சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையே புது இடுக்கு வரும், சுண்ணாம்பும் ரோமமும் சேர்த்து அடைக்க வேண்டும். மழை அடிக்கும் தென்மேற்குச் சுவருக்கு மற்றச் சுவர்களைவிட அடிக்கடி வெள்ளையடியுங்கள். மரத்துக்கு வார்னிஷ், பெயிண்ட் எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று குளிர்காலத்தில் ஓக் வெள்ளி நிறத்துக்கு வந்துவிடும்.